நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை: நெஞ்சு வலிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய 5 நிமிடக் கணக்கு!

"விழுங்கினால் உடனே வேலை செய்யாது, நின்றுகொண்டு போட்டால் மயக்கம் வரும்"

சென்னை நகரில் காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களில் பலருடைய சட்டைப் பையில், சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால், சின்னதாக ஒரு மாத்திரை அட்டை இருக்கும்.

நெஞ்சு வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த "நைட்ரேட்" மாத்திரைதான் அது. "சார்பிட்ரேட்" என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

மாத்திரை பையில் இருக்கிறது, சரி. அதை எப்போது போடுவது? எப்படிப் போடுவது? எதோடு சேர்த்துப் போடவே கூடாது? இதைக் கேட்டால் பாதிப் பேர் திருதிரு என்று விழிக்கிறார்கள். "வலி வந்தா போட்டுக்கச் சொன்னாரு டாக்டரு" என்பதோடு சரி.

முறையாகப் போட்டால் சில நிமிடத்தில் வலியைத் தணிக்கும் மாத்திரை இது. முறை தவறினால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி, ஆளையே கீழே தள்ளிவிடும்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஏன் இந்த வலி?

இதயம் ஓயாமல் வேலை செய்யும் ஒரு தசை. அதற்கும் ரத்தம் வேண்டும். அந்த ரத்தத்தைக் கொண்டு வரும் குழாய்களில் கொழுப்பு படிந்தால் வழி குறுகிவிடும்.

உட்கார்ந்திருக்கும்போது குறுகிய வழியில் வரும் ரத்தமே போதும். மாடிப்படி ஏறும்போதும், மூட்டை தூக்கும்போதும், ஓடிப் போய் பஸ் பிடிக்கும்போதும் போதாது. அப்போது இதயம் வலிக்கிறது. இதற்கு "ஆஞ்ஜைனா" என்று பெயர்.

நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்து அழுத்துவது போல இருக்கும். சிலருக்கு இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு என்று பரவும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடந்தாலும், கோபத்தில் கத்தினாலும், குளிரில் நடந்தாலும் வரும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே இராது. மூச்சு வாங்கும், வியர்த்துக் கொட்டும், கை கால் அசந்துபோகும். அதுவும் இந்த வியாதியாக இருக்கலாம்.

வெடி மருந்துதான் வைத்திய மருந்து!

நைட்ரேட் மாத்திரையின் கதை வேடிக்கையானது.

1847-ல் இத்தாலி நாட்டு ரசாயன நிபுணர் அஸ்கானியோ சொப்ரேரோ, "நைட்ரோகிளிசரின்" என்ற எண்ணெய் போன்ற பொருளைத் தயாரித்தார். கொஞ்சம் தட்டினாலே வெடிக்கும் பொருள் அது. அதைத் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மண்டையைப் பிளக்கிற தலைவலி வந்தது.

அதே பொருளைப் பக்குவப்படுத்தி 1867-ல் "டைனமைட்" ஆக்கினார், ஆல்பிரட் நோபல். நோபல் பரிசை ஏற்படுத்திய அதே நோபல்தான்.

1879-ல் லண்டன் டாக்டர் வில்லியம் முர்ரல், இந்த நைட்ரோகிளிசரினை மிக மிகச் சிறிய அளவில் நெஞ்சு வலிக்காரர்களுக்குக் கொடுத்தார். வலி தணிந்தது. அதை "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

காலம் போனது. 1896-ல் நோபலுக்கே இதய நோய்! டாக்டர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? நைட்ரோகிளிசரின்! "விதியின் விளையாட்டைப் பார்த்தீர்களா?" என்கிற தோரணையில் நண்பருக்குக் கடிதம் எழுதினார் அவர். அந்த ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி இறந்துபோனார்.

நம் பக்கத்து நீலகிரி அருவங்காட்டில் "கார்டைட்" தொழிற்சாலை இருக்கிறதே, அந்தக் கார்டைட் வெடி மருந்திலும் முக்கியச் சரக்கு நைட்ரோகிளிசரின்தான்.

"அப்படியானால் பையில் இருக்கிற மாத்திரை வெடித்துவிடுமா?" என்று பயப்பட வேண்டாம். மாத்திரையில் இருப்பது துளியிலும் துளி. அதுவும் மற்றப் பொருள்களோடு கலந்திருக்கிறது. வெடிக்கவே வெடிக்காது.

இந்த மருந்து உடம்புக்குள் போனதும் "நைட்ரிக் ஆக்சைடு" என்ற வாயு உண்டாகிறது. அது ரத்தக் குழாய்களைத் தளரச் செய்கிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. சுமை குறைந்ததும் வலி அடங்குகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களும் கொஞ்சம் விரிகின்றன.

உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் வேலையைக் கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெடி மருந்தில் சம்பாதித்த பணம், அதே மருந்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது!

இரண்டு ரகம்

நைட்ரேட் மருந்தில் முக்கியமாக இரண்டு ரகம் உண்டு. இதைக் குழப்பிக்கொண்டால் ஆபத்து.

ஒன்று, நாக்குக்கு அடியில் வைக்கும் ரகம். நைட்ரோகிளிசரின் மாத்திரை, ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மில்லிகிராம் மாத்திரை இதில் அடங்கும். வாயில் பீய்ச்சும் "ஸ்பிரே"யும் உண்டு. வலி வந்தவுடன் போட வேண்டியது இது.

இரண்டாவது, தண்ணீரோடு விழுங்கும் ரகம். ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் இந்த ரகம். வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிட வேண்டியது. மெதுவாகக் கரைந்து நாள் பூராவும் வேலை செய்யும் மாத்திரைகளும் இதில் உண்டு.

விழுங்குகிற ரகம், வந்துவிட்ட வலிக்கு உடனே கேட்காது. நெஞ்சு வலி வந்ததும், "தினசரி மாத்திரைதானே, இன்னொண்ணு போட்டுக்கிறேன்" என்று விழுங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. பொன்னான நேரம் வீணாகிறது.

அதேபோல், நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியதை "மடக்"கென்று விழுங்கினாலும் பயன் குறைவு. வயிற்றுக்குள் போன மருந்தில் பெரும் பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. நாக்குக்கு அடியில் வைத்தால், அங்கே இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது.

டைநைட்ரேட், மோனோநைட்ரேட் என்று பெயர்கள் ஒன்று போலவே இருக்கின்றன. மருந்துக் கடையில் வாங்கும்போது சீட்டையும் அட்டையையும் ஒத்துப் பாருங்கள். "இது நாக்குக்கு அடியிலா, விழுங்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, அட்டையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

முதலில் உட்காருங்கள்!

வலி வந்தால் செய்ய வேண்டியவை:-

1) செய்கிற வேலையை அப்படியே நிறுத்துங்கள். படி ஏறிக்கொண்டிருந்தால் அங்கேயே நில்லுங்கள். "இன்னும் பத்துப் படிதானே" என்று ஏறாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள்.

2) உட்காருங்கள். ரயில்வே பிளாட்பாரமோ, கடைத் திண்ணையோ, படிக்கட்டோ, எதுவானாலும் சரி. நின்றுகொண்டு மாத்திரை போட்டால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றிக் கீழே விழலாம். மல்லாந்து படுக்கவும் வேண்டாம்.

3) வாயில் வெற்றிலை, பாக்கு, மிட்டாய் இருந்தால் துப்பிவிடுங்கள். வாய் வறண்டிருந்தால் ஒரு வாய் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

4) ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள். தானாகக் கரையட்டும். மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது. கரையும்வரை சாப்பாடு, காபி, சிகரெட் எதுவும் கூடாது.

5) கடிகாரத்தைப் பாருங்கள்.

5 நிமிடக் கணக்கு

கடிகாரம் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி போய்விட்டால் நல்லது. சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு மெதுவாக எழுந்திருங்கள்.

5 நிமிடம் ஆகியும் வலி போகவில்லையா? அல்லது அதிகமாகிறதா? உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அல்லது பக்கத்தில் இருப்பவரைச் செய்யச் சொல்லுங்கள்.

108-க்குச் சொன்ன பிறகு இரண்டாவது மாத்திரை வைக்கலாம். இன்னும் 5 நிமிடம் கழித்தும் வலி இருந்தால் மூன்றாவது. அதற்கு மேல் கூடாது. தலை கிறுகிறுத்தாலோ, கண் இருட்டினாலோ அடுத்த மாத்திரையை வைக்கவே கூடாது. உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

மூன்று மாத்திரையும் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் போன் செய்யலாம் என்று இருக்கக் கூடாது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குத் தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவது, பஸ்சுக்கு நிற்பது எல்லாம் விபரீதம். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு 2008-ம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. பைசா செலவில்லை.

வருமுன் காப்பு

இந்த மாத்திரை வலி வந்த பிறகு போட மட்டுமல்ல. வரப் போகிற வலியைத் தடுக்கவும் உதவும். இது பலருக்குத் தெரியாது.

"இந்த வேலை செய்தால் எனக்கு வலி வரும்" என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள், டாக்டர் அனுமதியோடு, வேலைக்கு முன்பே ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். நைட்ரோகிளிசரின் என்றால் 5 முதல் 10 நிமிடம் முன்பு. டைநைட்ரேட் என்றால் சுமார் 15 நிமிடம் முன்பு.

மலைக் கோவில் படி ஏறும் முன், மூன்றாவது மாடியில் இருக்கும் ஆபீசுக்கு ஏறும் முன், தாம்பத்திய உறவுக்கு முன் என்று டாக்டர்கள் சொல்வது உண்டு.

இதிலும் உட்கார்ந்துதான் போட வேண்டும். முதல் தடவை வீட்டில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது போட்டுப் பார்ப்பது நல்லது.

அதற்காக, "மாத்திரை போட்டாச்சு, இனி என்ன" என்று அரிசி மூட்டையைத் தூக்கக் கூடாது. மாத்திரை இதயத்தின் சுமையைக் குறைக்கிறதே தவிர, அடைப்பை நீக்கவில்லை.

திங்கட்கிழமை தலைவலி

தினமும் விழுங்கும் நைட்ரேட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. உடம்புக்கு இந்த மருந்து சீக்கிரம் பழகிப்போகும். பழகிவிட்டால் கேட்காது.

இதை முதலில் காட்டிக் கொடுத்தவர்கள் டைனமைட் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் அவர்களுக்கு மண்டையிடி. இரண்டு, மூன்று நாளில் சரியாகிவிடும். ஞாயிறு லீவுக்குப் பிறகு திங்களன்று மறுபடி மண்டையிடி!

லீவு நாளில் காற்றில் மருந்து வாசம் இல்லாமல், சிலருக்குத் திடீர் நெஞ்சு வலியும் வந்தது. பழகிப்போன மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே தினமும் 10 முதல் 14 மணி நேரம், பெரும்பாலும் இரவில், உடம்பில் நைட்ரேட் இல்லாமல் ஓய்வு கொடுக்கிறார்கள் டாக்டர்கள்.

சாதாரண மோனோநைட்ரேட் மாத்திரையை "இரண்டு வேளை" என்று எழுதினால், காலை 8 மணி, மாலை 3 மணி என்று 7 மணி நேர இடைவெளியில் கொடுப்பது வழக்கம். "இரண்டு வேளைன்னா காலையிலே எட்டு, ராத்திரி எட்டு" என்று நாமாக முடிவு செய்தால், இரவு ஓய்வு போய்விடும். நாளடைவில் மாத்திரை சாப்பிட்டும் பலன் இராது.

நாள் பூராவும் வேலை செய்யும் மாத்திரை என்றால் பொதுவாகக் காலையில் ஒன்றே ஒன்று. அதை மெல்லக் கூடாது. பொடி செய்யக் கூடாது. பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இரவில் வலி வருகிறவர்களுக்கு டாக்டர் நேரத்தை மாற்றித் தருவார். எனவே, "எத்தனை வேளை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

தலைவலி வந்தால்...

நைட்ரேட் போட்டதும் பலருக்குத் தலை "விண் விண்" என்று தெறிக்கும். முகம் சூடாகும். லேசாகக் கிறுகிறுக்கும். ரத்தக் குழாய் விரிவதால் வருவது இது.

சில நாளில் குறைந்துவிடும். "இந்த மாத்திரையே வேணாம்பா" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார்; அல்லது பாராசிட்டமால் போடச் சொல்வார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தும் படுக்கையிலிருந்தும் மெதுவாக எழுந்திருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மயக்கம் இன்னும் சுலபமாக வரும்.

சொல்ல வெட்கப்படும் விஷயம்

இனி வருவதுதான் உயிர் போகிற விஷயம். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

ஆண்மைக் குறைவுக்காகச் சாப்பிடும் "சில்டெனாபில்", "டடலாபில்", "வார்டெனாபில்" மாத்திரைகளையும் நைட்ரேட்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. "வயாகரா" என்பது சில்டெனாபில்தான்.

இரண்டும் ரத்தக் குழாயை விரிக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். மரணம்கூட நேரலாம்.

சில்டெனாபில், வார்டெனாபில் சாப்பிட்டால் 24 மணி நேரத்துக்கும், டடலாபில் சாப்பிட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. அந்த நேரத்தில் நெஞ்சு வலி வந்தால், நைட்ரேட் போடாமல் 108-க்குச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய், "இன்ன மாத்திரை, இத்தனை மணிக்குச் சாப்பிட்டேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மனைவி பக்கத்தில் இருக்கிறாரே, மகன் நிற்கிறானே என்று மறைத்தால் உயிருக்கு ஆபத்து. தனியாகச் சொன்னாலும் போதும்.

தினசரி நைட்ரேட் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரைகள் கூடவே கூடாது.

"நான் இங்கிலீஷ் மருந்து சாப்பிடலே, லேகியம்தான்" என்று சொல்பவர்களும் உஷார். மூலிகை என்று விற்கப்படும் ஆண்மைச் சரக்குகளில் சில்டெனாபில் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது.

மதுவும் அப்படித்தான். நைட்ரேட்டும் மதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். பார்க்கிறவர்கள் "தண்ணி போட்டு விழுந்து கிடக்கிறான்" என்று நினைத்து விலகிப் போய்விடுவார்கள். உண்மையில் அவருக்கு உடனே சிகிச்சை தேவைப்படும்!

சட்டைப் பை

நைட்ரோகிளிசரின் மாத்திரை சூடு, வெளிச்சம், ஈரம் எதுவும் தாங்காது. அது வந்த கண்ணாடிப் பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பா, காகிதப் பொட்டலம் கூடாது. பாட்டிலுக்குள் பஞ்சு வைத்தால் பஞ்சு மருந்தை உறிஞ்சிவிடும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி வையுங்கள். திறந்து 8 வாரம் ஆனால் புதுசு வாங்கிவிட வேண்டும் என்று பிரிட்டனில் சொல்லப்படுகிறது.

அட்டையில் வரும் டைநைட்ரேட் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனாலும் அட்டையிலிருந்து பிரித்துத் தனியாகப் போட்டுவைக்காதீர்கள். வேண்டும்போது மட்டும் பிரியுங்கள். காலாவதித் தேதியை மாதம் ஒரு முறை பாருங்கள்.

வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் பெட்டிக்குள் மாத்திரை வைப்பது வீண் வேலை. உடம்பை ஒட்டிய உள்பையும் வேண்டாம். வியர்வையும் சூடும் ஆகாது. கைப்பையில், எளிதில் எடுக்கிற இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒன்று, ஆபீஸ் மேஜையில் ஒன்று, கடைக் கல்லாவில் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

மாத்திரை இருக்கும் இடம் வீட்டில் இருப்பவர்களுக்கும், ஆபீசில் பக்கத்து மேஜைக்காரருக்கும், கடைப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையில் மாத்திரை இருந்தும், அது யாருக்கும் தெரியாவிட்டால் என்ன பயன்?

இரவல் மாத்திரை

பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "எங்கிட்டே சார்பிட்ரேட் இருக்கு, போடுங்க" என்று ஓடுவது நல்ல மனசுதான். ஆனால் ஆபத்து.

அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். இதயத்தின் வலது பக்கத்தைத் தாக்கும் மாரடைப்பாக இருக்கலாம். இதய வால்வு சுருங்கியிருக்கலாம். காலையில் வேறு மாத்திரை சாப்பிட்டிருக்கலாம். இந்த நிலைகளில் நைட்ரேட் உயிருக்கே உலை வைக்கும்.

"நெஞ்சு வலியா? உடனே சார்பிட்ரேட்!" என்று வாட்ஸ்-அப்பில் சுற்றும் செய்திகளை நம்பிப் போடக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கவும் கூடாது.

தமிழக அரசு 2023-ல் "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் திட்டம் அது. அதில் கொடுப்பவை ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்று வகை மாத்திரைகள். நைட்ரேட் அந்தப் பட்டியலில் இல்லை!

சந்தேகங்கள்

வாசகர்களுக்கு எழக்கூடிய சந்தேகங்களும், அவற்றுக்கான விளக்கமும் வருமாறு:-

கேள்வி:- மாத்திரை போட்டதும் வலி நின்றுவிட்டது. அப்படியானால் அது இதய வலிதானா?

பதில்:- அப்படி முடிவு செய்ய முடியாது. உணவுக் குழாய் இறுக்கத்தால் வரும் வலியும் இந்த மாத்திரைக்கு அடங்கும். அதேபோல், அடங்காவிட்டால் "வாயுதான்" என்று சொல்லிவிடவும் முடியாது. ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும்.

கேள்வி:- நாக்கில் சுருசுருவென்று எரியவில்லை. மாத்திரை கெட்டுப்போய்விட்டதா?

பதில்:- எரிச்சல் வீரியத்துக்கு அடையாளம் அல்ல. காலாவதித் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி:- தினசரி மாத்திரையை ஒரு வேளை மறந்துவிட்டால்?

பதில்:- அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள்.

கேள்வி:- இரண்டு மாதமாக வலியே இல்லை. தினசரி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்:- நீங்களாக நிறுத்தக் கூடாது. வலி திரும்பி வரலாம். நிறுத்துவதானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

கேள்வி:- நைட்ரேட் சாப்பிடுகிறேனே, கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் எதற்கு?

பதில்:- நைட்ரேட் வலியைத் தடுக்கிறது. அடைப்பைக் கரைப்பதில்லை. டாக்டர் கொடுத்த மற்ற மாத்திரைகள்தான் மாரடைப்பைத் தடுக்கப் பாடுபடுகின்றன. சிகரெட், பீடியை விடுவது அதைவிட முக்கியம்.

கேள்வி:- பல் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்:- கட்டாயம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள். ரத்தசோகை, கண் அழுத்த நோய், வால்வுக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

காலண்டரில் புள்ளி

நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிற ஒவ்வொரு நாளும் சுவர்க் காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

போன மாதம் 2 புள்ளி, இந்த மாதம் 9 புள்ளி என்றால், உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. அடுத்த செக்-அப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்த வலி இப்போது பத்தடி நடந்தாலே வந்தாலும், வலி நீண்ட நேரம் நின்றாலும் அதே எச்சரிக்கைதான். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ, தூக்கத்திலோ வலி வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

மருந்துக் கடைக்காரர்களும் இதைக் கவனிக்கலாம். மாதம் ஒரு அட்டை வாங்கும் வாடிக்கைக்காரர், வாரம் ஒரு அட்டை கேட்டால், சில்லறை எண்ணிக் கொடுக்கும்போதே, "ஏன் சார், வலி ஜாஸ்தியாயிடுச்சா? டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

பையில் ஒரு சீட்டு

மாத்திரை அட்டையோடு ஒரு சிறு சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தமிழில் எழுத வேண்டியவை:-

பெயர், வயது.

"இதய நோயாளி. மயங்கினால் 108-ஐக் கூப்பிடவும்."

சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதன் பெயர்.

வீட்டு டெலிபோன் நம்பர், டாக்டர் நம்பர்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் மாத்திரையை எடுத்துப் பாருங்கள். அது எந்த ரகம், தேதி முடிந்துவிட்டதா, வீட்டில் இருப்பவர்களுக்கு அது இருக்கிற இடம் தெரியுமா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் நாளைக் காலை மருந்துக் கடைக்கோ டாக்டரிடமோ போய்ச் சரி செய்துவிட்டு, அப்புறம் ரயிலைப் பிடியுங்கள்.